வயரிங்கில் கோளாறு இல்லை

பொறியியல் கல்லூரி ஒன்றின் ஏரோமாடலிங் லேபுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். தெர்மாகோல் பாளத்திலிருந்து மாதிரி விமானத்தின் இறக்கையை அறுத்தெடுக்கும் ஹாட் வயர் இயந்திரத்தை மாணவர்களே கட்டியிருந்தார்கள். அதை இயக்கும் பைத்தான் மென்பொருளைக் கணினியில் ஏற்றுவது மட்டும்தான் என் வேலை. அதில் நான் செய்த தப்பை ஒரு மாணவியின் தலையில் கட்டினேன்.

இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள், நடுவே இழுத்துக் கட்டிய நிக்ரோம் கம்பி. தூணுக்கு இரண்டு மோட்டார்: ஒன்று முன்பின்னாக நகர்த்தும், மற்றது மேலும் கீழும். இறக்கை உடம்போடு சேரும் இடம் அகலம், நுனி குறுகல். ஆகவே கம்பியின் இரு முனைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு தூரம் போயாக வேண்டும். நுனிப்பக்கம் கம்பி மெதுவாகப் போவதால் அங்கே தெர்மாகோல் கூடுதலாக உருகும். அதையும் கணக்கில் வைத்து நான்கு மோட்டாருக்கும் மென்பொருள் கட்டளை அனுப்பும். யூஎஸ்பி வழியாக ஆர்டுயினோ மெகா போர்டுக்கு அது போய்ச் சேரும். போர்டிலிருந்து மோட்டார் வரை எல்லா இணைப்புகளும் அந்த மாணவி சோல்டர் செய்தவை. ஒவ்வொரு முனையிலும் ஸ்லீவ் போட்டு, எந்த வயர் எந்த மோட்டாருக்கு என்று சின்னச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தாள்.

பைத்தான் யூஎஸ்பி போர்ட்டோடு பேச பைசீரியல் என்ற தொகுப்பு வேண்டும். நிரலுக்குள் அதை வெறும் 'சீரியல்' என்றுதான் அழைப்பார்கள். நான் கையேட்டைப் பார்க்காமல் 'பிப் இன்ஸ்டால் சீரியல்' என்று அடித்தேன். சம்பந்தமே இல்லாத இன்னொரு தொகுப்புக்கு அந்தப் பெயர் இருக்கிறது. அது இறங்கி உட்கார்ந்துகொண்டது. 'கனெக்ட்' அழுத்தியதும் பிழைச்செய்தி வந்தது. சீரியல் மாடியூலுக்குள் தேடிய அங்கம் இல்லை என்றது. அதாவது பைத்தானுக்குள்ளேயே எல்லாம் நின்றுவிட்டது. போர்டுக்கு ஓர் எழுத்துகூடப் போகவில்லை.

எனக்கு அந்தச் செய்தி புரியவில்லை. பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"வயரிங்கைப் பாரும்மா, எங்கேயோ லூஸ் காண்டாக்ட்."

"மல்டிமீட்டர் வெச்சுப் பாத்துட்டேன் சார், எல்லாம் சரியா இருக்கு."

"சரியா இருந்தா ஏன் ஓடலை?"

அத்தனை பேர் முன்னாலும் அப்படிக் கேட்டேன். அவள் பதில் பேசாமல் எல்லா இணைப்பையும் கழற்றி, சாயங்காலம் வரை உட்கார்ந்து மறுபடி சோல்டர் செய்தாள். அப்போதும் ஓடவில்லை.

எல்லோரும் போன பிறகு பிழைச்செய்தியை வரிவரியாகத் தேடிப் படித்தேன். காரணம் தெரிந்தது. அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு பைசீரியலை ஏற்றினேன், இயந்திரம் ஓடியது. மறுநாள் அவளிடம் "இப்ப சரியாயிடுச்சு பாத்தியா" என்றேன். இரண்டாம் முறை சோல்டர் செய்ததில்தான் ஏதோ சரியாகியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படியே விட்டுவிட்டேன். முதல் நாள் செய்தது அறியாமை என்றாவது சொல்லலாம். மறுநாள் எல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த செமஸ்டரில் அவள் எலக்ட்ரானிக்ஸை விட்டுவிட்டு இறக்கைக்குப் பசை பூசி டேப் ஒட்டும் வேலைக்குப் போய்விட்டாள். "சோல்டரிங் எனக்கு வராது" என்று ஜூனியர்களிடம் அவள் சொன்னபோது நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். அப்போதும் பேசவில்லை.

அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். லேப் பதிவேட்டில் அந்த நாளுக்கு நேராக 'வயரிங் கோளாறு, சரிசெய்யப்பட்டது' என்று நான் எழுதிய வரி இருந்தது. அதை அடித்துவிட்டு நடந்ததை முழுவதும் எழுதி, துறைத்தலைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, நகலை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் போட்ட இணைப்பில் முதல் நாளே ஒரு குறையும் இல்லை.