பல்செட்டும் கொஞ்சம் பசையும்

எதை எதையோ எழுதியாகிவிட்டது, இந்த முறை பல்செட். சிரிக்காதீர்கள் நண்பர்களே, நம் எல்லோர் வீட்டுக்கும் ஒருநாள் வரப்போகிற விஷயம்தான்.

எங்கள் ஊர் ஐயங்கார்குளம், காஞ்சிபுரம் பக்கம். சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் இங்கே நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுவார். அன்றைக்கு வீடு முழுக்க உறவுக்காரர்கள். இந்த வருடம் அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் பாட்டிக்கு மேல், கீழ் இரண்டுக்கும் முழுப் பல்செட் வைத்தார்கள். தெருவுக்கே கேட்கும்படி பேசுகிற பாட்டி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தார். சாப்பாடும் கஞ்சி, மோர் என்று சுருங்கிவிட்டது. எங்களுக்கு அதுதான் பயம்.

காரணம் கீழ்செட். மேல்செட் அண்ணம் முழுவதும் படிந்து, எச்சிலின் பிடிப்பிலேயே நின்றுவிடும். கீழே குதிரை லாடம் மாதிரி ஈறு மட்டும்தான். நாக்கும் சும்மா இருக்காது, தூக்கி விட்டுவிடும். போதாததற்கு, பல் போனபின் கீழ்த்தாடை எலும்பு மேலே இருப்பதைவிட வேகமாகத் தேய்கிறது. 25 வருடக் கணக்கை வைத்து டால்கிரன் என்பவர் 1972ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் நான்கு மடங்கு!

டாக்டர் செட்டைச் சரிபார்த்து, "அளவு சரியாத்தான் இருக்கு, பழகுற வரைக்கும் கொஞ்சம் பசை போடுங்க" என்றார். பாட்டிக்குக் கோபம். "கோந்து போட்டு ஒட்டினாத்தான் நிக்கும்னா அது என்ன பல்லு?"

கோந்து என்றது தப்பில்லை. நம் நாட்டு மரத்தில் வடியும் கராயா கோந்தைப் பொடித்துத்தான் முன்பு இதற்குப் பயன்படுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் எச்சிலில் ஊறிப் பிசுபிசுக்கும் செயற்கைப் பொருட்கள். செட்டைக் கழுவித் துடைத்து, பட்டாணி அளவைவிடச் சின்னதாக மூன்று இடத்தில், ஓரத்தை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். பிறகு வாயில் வைத்துச் சில நொடி அழுத்தினால் போதும். வழிந்தால் அதிகம் என்று அர்த்தம். ராத்திரி கழற்றி, ஈறையும் துடைத்து, செட்டைத் தண்ணீரில் போட வேண்டும்.

அளவு முக்கியம். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அள்ளிப் பூசியவர்களுக்கு உடம்பில் தாமிரம் குறைந்து நரம்பு பாதித்தது. அதனால் 2010ல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் கம்பெனி துத்தநாகம் சேர்ந்த பாலிகிரிப்பைத் தயாரிப்பதை நிறுத்தியது. வாங்கும்போது அட்டையைப் படித்துப் பாருங்கள்.

பசை போட்ட தைரியத்தில் பாட்டி தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். முன்பல்லால் கடிக்காமல், சின்னத் துண்டாக இரண்டு பக்கமும் வைத்து மென்றார். திருவிழாவன்று வந்தவர்களிடம் வாய் மூடாமல் பேச்சு. இப்போது வெளியே போகும்போது மட்டும்தான் பசை.

சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொள்கிற ஆள் மாதிரிதான் இந்தப் பசை. நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், ஈறு புண்ணானால், கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். செட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் திடீரென்று பேச்சைக் குறைத்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பல்செட் ஆடுகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.