முந்தைய தாள்கள்

மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணியாற்றும் ஒருவன் புற்றுநோய் ஆராய்ச்சியைப் பற்றியும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் எழுதத் துணிவது சங்கத்து அன்பர்களுக்கு வியப்பளிக்கலாம். நான் மருத்துவம் கற்றவன் அல்லன். கணிதத்தோடும் எனக்கு உறவில்லை. வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றதோடு படிப்பு நின்றது. ஆயினும், இருபது ஆண்டுகளாக நான் செய்துவரும் தொழிலுக்கும் இப்புதிய அறிவியலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை அண்மையில் அறிந்தேன். அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதற்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவோம். பின்னர், அதே பொருள் குறித்து முன்பு வந்த கடிதங்களையும் அவற்றின்மேல் எடுத்த முடிவுகளையும் தேடி எடுத்து, ஒன்றாகக் கோத்து, மேலதிகாரியின் பார்வைக்கு வைப்போம். ‘முந்தைய தாள்களுடன் வைக்கவும்’ என்பது நாங்கள் நாள்தோறும் காணும் குறிப்பு. தனியே வந்த தாளைக் கொண்டு எவரும் முடிவு காண இயலாது. முன்னதும் பின்னதும் சேர்ந்தால்தான் செய்தி விளங்கும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. அங்கே பேராசிரியையாக விளங்கும் ரெஜினா பார்சிலே, மனிதர் எழுதும் மொழியைக் கணிப்பொறி புரிந்துகொள்ளச் செய்யும் துறையில் பெயர் பெற்றவர். 2014-ஆம் ஆண்டில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. தம்மைப் போன்ற நோயாளிகள் இன்ன சிகிச்சையால் என்ன பயன் அடைந்தார்கள் என்று அவர் மருத்துவர்களை வினவினார். தெளிவான விடை கிடைக்கவில்லை. மருத்துவமனையில் அறிக்கைகள் மலைபோல் இருந்தன. ஆனால் அவை மருத்துவர்கள் தத்தம் நடையில் எழுதிவைத்த உரைநடை. ஒவ்வொன்றாக ஒருவர் அமர்ந்து படித்தாலன்றி அவற்றிலிருந்து எந்தக் கணக்கும் எடுக்க முடியாது. மேலும், தமக்கு முன்னரே எடுக்கப்பட்ட கதிர்ப்படங்களைத் திரும்பப் பார்த்தபோது, அவற்றிலேயே நோயின் அடையாளம் தென்பட்டதையும் அவர் பின்னர் எடுத்துரைத்திருக்கிறார்.

நலம் பெற்றுத் திரும்பிய அவர் தம் ஆராய்ச்சியின் போக்கையே இந்நோயின் பக்கம் திருப்பினார். முதலில் அவர் மேற்கொண்டது, என் போன்ற எழுத்தர்கள் உடனே புரிந்துகொள்ளக்கூடிய வேலை. 1978 முதல் 2016 வரை மூன்று மருத்துவமனைகளில் எழுதப்பட்ட 91,505 திசு ஆய்வு அறிக்கைகளைக் கணிப்பொறியைக் கொண்டு படிக்கச் செய்து, வேண்டிய விவரங்களைப் பட்டியலாகப் பிரித்தெடுக்கும் முறையை அவரும் அவர் குழுவினரும் உருவாக்கினார்கள். தனித்தனி விவரங்களை அந்த முறை சராசரியாக நூற்றுக்கு 97 அளவில் சரியாகப் பிரித்தது. இயந்திரம் இதனைத் தானாகக் கற்றுவிடவில்லை. மனிதர்கள் முன்னதாகப் படித்துக் குறியிட்டு வைத்த 17,000-க்கு மேற்பட்ட அறிக்கைகளே அதற்குப் பாடப் புத்தகமாக அமைந்தன.

அடுத்து வந்தது ‘மிராய்’ என்னும் முறை. ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்கு ‘எதிர்காலம்’ என்று பொருள். 2021-இல் இதன் விவரங்கள் வெளியாயின. ஒரு பெண்ணின் மார்பகக் கதிர்ப்படங்களைப் பார்த்து, வரும் ஐந்து ஆண்டுகளில் அவருக்குப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்று இது ஆண்டுவாரியாக மதிப்பிடுகிறது. மிராய் கூறுவது தீர்ப்பு அன்று. எவரை முன்னதாக அழைத்து நுணுகிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு வழிகாட்டி. பார்ப்பதும் முடிவு செய்வதும் மருத்துவர் பொறுப்பே.

இயந்திரத்துக்கு இந்தத் திறன் எவ்வாறு வாய்த்தது? பழைய படம் ஒன்று. அந்தப் படத்துக்கு உரியவர் சில ஆண்டுகளுக்குப் பின் நோயுற்றாரா, நலமாக இருந்தாரா என்னும் செய்தி மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்துப் பல்லாயிரம் முறை காட்டியதனால்தான், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத சாயலையும் அது பிரித்தறியக் கற்றது. நாங்கள் முந்தைய தாள்களைக் கோத்து வைப்பதும் இதுவேதான். படம் மட்டும் இருந்து பின்வரலாறு இல்லையெனில் பயனில்லை. பின்வரலாறு இருந்து படம் தொலைந்திருந்தாலும் பயனில்லை.

பின்னர் மிராயை ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழு மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு சோதித்தார்கள். அமெரிக்கா, இஸ்ரேல், சுவீடன், தைவான், பிரேசில் ஆகியவையே அந்நாடுகள். 62,185 பெண்களின் படங்கள் அச்சோதனையில் இடம்பெற்றன. அந்த ஐந்தில் நம் நாடு இல்லை. பட்டியலைப் படித்ததும் என் நெஞ்சில் என் அக்காவின் நினைவு எழுந்தது.

அக்கா இதே நோயால் 2017-இல் மறைந்தார். அத்தானுக்கு ரயில்வேயில் வேலை. ஊர் ஊராக மாற்றம். சென்ற இடமெல்லாம் புதிய மருத்துவமனை, புதிய அட்டை, முதலிலிருந்து அதே கேள்விகள். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் எல்லாத் தாள்களையும் போட்டு அக்கா தாமே சுமந்து செல்வார். “இரண்டாண்டுக்கு முன் எடுத்த படம் எங்கே?” என்று ஒரு மருத்துவர் கேட்டார். அதை எடுத்த மருத்துவமனைக்கு அத்தான் ஒரு நாள் விடுப்பெடுத்துச் சென்று வினவினார். பழைய படங்களை வைத்திருப்பதில்லை என்று அங்கே கூறிவிட்டார்கள். அந்தப் படத்தில் ஏதேனும் தென்பட்டிருக்குமா என்பதை இனி எவரும் அறிய வழியில்லை. அக்கா இறந்த பின்னர், சிகிச்சை அளித்த எந்த இடத்திலிருந்தும் அவர் என்ன ஆனார் என்று ஒரு வரிக் கடிதமும் வரவில்லை. கடைசியாகச் சென்ற மருத்துவமனையின் அட்டையில், மறுமாதம் பரிசோதனைக்கு வரவேண்டும் என்றே இன்றும் எழுதியிருக்கிறது.

நம் நாட்டில் இதற்கென ஒருவரும் முயலவில்லை என்று கூறுவது நன்றி மறந்த பேச்சாகும். 1982 சனவரியிலேயே தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ் பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையிலான பதிவகங்கள் இயங்கத் தொடங்கின. தகவல் தானே வந்து சேராது என்பதால், பதிவாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக நேரில் சென்று விவரம் திரட்டினார்கள். இறப்புப் பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தார்கள். நோயாளி பின்னர் என்ன ஆனார் என்று அறிய வீடு தேடிச் சென்றதும் உண்டு. சென்னைப் பதிவகம் அடையாறு புற்றுநோய் நிலையத்தைச் சார்ந்தது. 1954-இல் அந்நிலையத்தைத் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். தாம் பட்ட துயரை மற்றவர்க்குப் பயன்படும் பணியாக மாற்றிய வகையில் அவரும் பார்சிலேயும் எனக்கு ஒரே குலத்தவராகத் தோன்றுகிறார்கள்.

ஆயினும், நம் நாட்டின் பரப்புக்கு இப்பதிவகங்கள் போதா. வேற்று நாட்டுப் பெண்களின் படங்களைக் கண்டு கற்ற இயந்திரம் நம் பெண்களின் படத்தையும் அவ்வாறே சரியாக மதிப்பிடுமா என்பதை, நம் பெண்களின் பதிவுகளைக் கொண்டுதான் சோதித்தறிய முடியும். அப்பதிவுகளை அறிவியல் அறிஞர் உண்டாக்கித் தர இயலாது. படத்தை எறிந்துவிடாமல் காப்பவர், பெயரையும் தேதியையும் பிழையின்றி எழுதுபவர், ஓராண்டு கழித்து நோயாளியின் நலம் கேட்டு அதையும் ஏட்டில் சேர்ப்பவர் ஆகியோரே உண்டாக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வாராது. ஆனால் அவர்கள் ஒருநாள் சோம்பினால், பல்லாண்டு கழித்து எங்கோ ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கை கிடைக்காமற் போகலாம்.

சங்கத்து அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் இல்லத்துப் பெண்மக்களின் மருத்துவப் படங்களையும் அறிக்கைகளையும் தேதிவாரியாக அடுக்கி, உறையின்மேல் ஆண்டையும் ஊரையும் எழுதி வையுங்கள். நலமாக இருக்கையில் எடுத்த படத்தையும் குப்பையில் போடாதீர்கள். அடுத்த மருத்துவர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதற்கு அது உங்கள் கையில் இருக்கட்டும்.