அளவறியா அச்சம்

அப்புத்தளையிலே மூடுபனிக்கு நேரங்காலம் கிடையாது. பெரகலைப் பள்ளத்திலிருந்து அது ஏறி வருகின்றபோது, கடைத்தெருவில் எதிரே வருபவர் யாரென்பதைக் குரலைக் கொண்டே அறியவேண்டியிருக்கும். அத்தகைய ஒரு மாலையிலே, சென்ற வருடத்து ஐப்பசி மழைக்குள், எமது தமக்கையின் மகள் நனைந்த தலையோடு வாசலில் வந்து நின்றாள். இடுப்பிலே மூன்று வயது மகன். வயிற்றிலே இரண்டு மாதக் கரு. கணவன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை. தேநீர் குடிக்கிறாயா என்று நாம் கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல், "மாமா, வயிற்றுப் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேன்" என்றாள்.

அழுகை அடங்கிய பின்னரே விஷயம் வெளிவந்தது. மகனுக்கு ஒரு வாரமாக இருமலும் காய்ச்சலும். தோட்டத்து வைத்திய அறையிற் கொடுத்த பாணி மருந்துக்கு அது கேட்கவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு போனாள். நெஞ்சை எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கவேண்டும் என்றார்கள். பிள்ளை தனியே நிற்க மறுத்து வீறிட்டதால், தாயே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. படம் பிடிப்பதற்கு முன் அங்கிருந்தவர் சிங்களத்திலே விரைவாக ஏதோ கேட்டார். கூட வேறு யாரும் வந்திருக்கிறார்களா என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு, இவள் இல்லையென்று தலையசைத்துவிட்டாள். படம் முடிந்து வெளியேறுகையிலேதான் தமிழ் அறிவித்தல் அவள் கண்ணிற் பட்டது. அது கதவின் உட்பக்கத்திலே ஒட்டப்பட்டிருந்தது. கதவைத் திறந்து வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்; மூடினால்தான் மனிதரைப் பார்க்கும். கர்ப்பிணிகள் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

லயத்துக்குத் திரும்பி இதைச் சொன்னபோது, அடுத்த காம்பராக் கிழவி பிள்ளை குறையோடு பிறக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள். பட்டணத்திலே மாத்திரை கொடுக்கும் ஒருவரையும் தெரியும் என்றாளாம். தாயின் உயிரைக் காக்கவேண்டிய நிலையன்றி இந்நாட்டுச் சட்டம் கருக்கலைப்புக்கு இடங்கொடாது. ஆகவே இத்தகைய காரியங்கள் மறைவிலே நடக்கின்றன. மறைவிலே நடப்பதனால் தாயையும் சேர்த்துக் கொண்டுபோவதுண்டு. மறுநாள் போவதற்குப் பணமும் முடிந்து வைத்துவிட்டாள்.

"யாரோ கிழவி சொன்னாள் என்பதற்காகவா?" என்று நாம் சற்றுக் கடுமையாகக் கேட்டோம்.

"கிழவி மட்டுமா, மாமா? நீங்கள்தானே எங்களுக்குப் பத்தாம் வகுப்பிலே படிப்பித்தீர்கள்? எக்ஸ் கதிர் கருவுக்கு ஆகாது என்று கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு கீறினீர்களே!"

கீறியது உண்மை. முப்பது ஆண்டுக் காலம், வகுப்புத் தோறும், அதே இரண்டு கோடுகளைக் கீறி வந்திருக்கின்றோம். எவ்வளவு கதிர் ஆகாது என்பதை ஒரு நாளேனும் எழுதியதில்லை. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியிடம் "கூடையில் நிறைய இருக்கிறது" என்று கணக்கப்பிள்ளை வாயாற் சொல்லிவிட்டுப் போக முடியுமா? தராசிலே தொங்கவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்த பின்னரே அவள் நகருவாள். ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பது அவளுக்குத் தெரியும். அத்தகையோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் தராசில்லாமல் விஞ்ஞானம் படிப்பித்திருக்கின்றோம்.

எமது பழைய மாணவர் ஒருவர் இப்பொழுது வேறொரு நகரத்திலே கதிர்ப்படப் பிரிவிற் பணியாற்றுகின்றார். அன்றிரவே அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் பதறவில்லை, வரிசையாகக் கேள்வி கேட்டார். "எத்தனை படம், சேர்? பிள்ளையின் நெஞ்சு மட்டும்தானா? தாய் எந்தப் பக்கம் நின்றா? ஈய அங்கி போட்டார்களா?" படம் ஒன்று, நெஞ்சு மட்டும், பக்கவாட்டில் நின்று கைகளைப் பிடித்திருந்தாள், அங்கி போடவில்லை. அங்கி போடாதது பிழைதான் என்று சொல்லிவிட்டு அவர் கணக்குக்கு வந்தார்.

கதிர் உடம்பிலே விட்டுச்செல்லும் சக்தியை கிரே என்னும் அலகால் அளப்பார்கள். ஒரு கிலோகிராமில் ஒரு யூல் சக்தி தங்குமாயின் அது ஒரு கிரே. அதனால் உடலுக்கு நேரக்கூடிய ஊறினையும் சேர்த்து மதிப்பிடும் அலகு சீவர்ட். முன்னையது ஆங்கிலப் பௌதிகவியலாளர் கிரேயின் பெயரையும், பின்னையது சுவீடன் நாட்டு சீவர்ட்டின் பெயரையும் கொண்டவை. இரண்டுமே பெரிய அலகுகளாதலால், படப்பிடிப்பு விஷயத்தில் ஆயிரத்தில் ஒன்றான மில்லியையும், பத்து லட்சத்தில் ஒன்றான மைக்ரோவையும் கொண்டே பேசுவார்கள். நெஞ்சுப் படம் ஒன்றினால் நோயாளிக்குச் சேர்வது ஏறத்தாழ 20 மைக்ரோசீவர்ட். நேர்க்கதிர் படாமல் அருகே நிற்பவருக்குச் சிதறிவரும் கதிரோ சில மைக்ரோசீவர்ட்டுக்கு மேற்போவதில்லை. தாயின் வயிற்றைக் கடந்து கருவை எட்டுவது அதிலும் குறைவு.

இனி மறுதட்டிலே வைக்கவேண்டிய படிக்கல். மண், கல், காற்று, உணவு, ஆகாயம் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகவே கதிர் சேர்கின்றது. உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். 365 ஆற் பிரித்தால் நாளொன்றுக்கு ஆறரை மைக்ரோசீவர்ட்டுக்குச் சற்றுக் கூட. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலிருப்பதால், ஆகாயக் கதிர் கொழும்பைவிட இங்கே சற்று அதிகம். ஆக, அந்த அறையிலே அவள் பெற்றது, இம்மலையிலே ஒரு நாள் கொழுந்து பறித்துவிட்டு உறங்கி எழுந்தாற் பெறக்கூடிய அளவே. கருவைப் பற்றி, சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையில், 100 மில்லிகிரேக்குக் குறைந்த கதிரைக் காரணங் காட்டிக் கருவைக் கலைப்பதற்கு நியாயமில்லை என்று கூறுகின்றது. அந்த எல்லையை எட்ட இவள் பல்லாயிரம் முறை அந்த அறைக்குள் நின்றிருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் மகனின் அப்பியாசக் கொப்பியிலே எழுதிக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்படியானால் கதவிலே ஏன் ஒட்டினார்கள்?"

நல்ல கேள்வி. வகுப்பிலே இவள் இப்படிக் கேட்டிருந்தால் நாமும் அன்றே திருந்தியிருப்போம்.

அந்த அறைக்கு நெஞ்சுப் படத்துக்கு மட்டும் மனிதர் வருவதில்லை என்றோம். வயிற்றையும் இடுப்பையும் நேராக ஊடுருவும் படங்கள் உண்டு. இடுப்புப் பகுதியை சீ.ரீ. ஸ்கான் செய்தால் கருவுக்கு 25 மில்லிகிரே அளவிற் சேரக்கூடும். இவ்வச்சத்துக்கு ஆதாரமும் உண்டு. இங்கிலாந்திலே அலிஸ் ஸ்ரூவர்ட் என்னும் வைத்தியப் பெண்மணி, புற்றுநோயால் மாண்ட குழந்தைகளின் தாய்மாரைத் தேடி, கர்ப்ப காலத்திலே என்னென்ன நடந்தது என்று கேட்டறிந்தார். வயிற்றை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளிடையே அந்நோய் கூடுதலாக இருப்பதை 1956ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்டபோது, வைத்திய உலகம் இலேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர் ஒப்புக்கொண்டது. தாய்மார் நினைவில் வைத்திருந்ததை ஒருவர் பொறுமையாகக் கேட்டதனால் வந்த அறிவு அது.

மறுபக்கமும் இருக்கின்றது. 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது, தொலைவிலுள்ள கிரேக்க நாட்டுக்குச் சென்ற கதிர் சொற்பமே. ஆயினும் வதந்தி பெரிதாகச் சென்றது. பெற்றுக்கொள்ள விரும்பியிருந்த ஏறத்தாழ 2,500 கருக்கள் அச்சத்தினாற் கலைக்கப்பட்டன என்று 1987ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. இதனை அவளிடம் சொன்னபோது அவள் எழுதுகோலைக் கையிலெடுத்து, கொப்பியிலிருந்த 2,500 என்னும் எண்ணைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம் போட்டாள்.

கதிரியக்கம் எங்கோ வெள்ளைக்காரர் ஊரிலே பிறந்தது என்று எண்ணுவோரும் உண்டு. நம் மலையடிவாரத்துக் கதையும் அதிற் கலந்திருக்கின்றது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராகவே பலரும் அறிவர். அதற்குமுன் அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்தவர். பலாங்கொடைப் பகுதியில் மாணிக்கக்கல் கிடைக்கும் படிவுகளிலிருந்து 1904இல் அவர் அடையாளங் கண்ட கருங்கனிமமே தோரியனைற்று. இலண்டனிலே ஒற்றோ ஹான் என்னும் ஜேர்மானிய இளைஞர் அவ்விலங்கைக் கனிமத்தை ஆராய்ந்து ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். பிற்காலத்திலே, 1930ஆம் ஆண்டுகள் தொடக்கம், தோரியம் ஒட்சைட்டைக் கலந்த தோரோத்திராஸ்ட் என்னும் மருந்தை நாளங்களில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். படங்கள் மிகத் தெளிவாக விழுந்தன. மருந்தோ ஈரலைவிட்டு வெளியேறவேயில்லை. பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்பட்டது. சாதாரண எக்ஸ் கதிர் அப்படியன்று. பொத்தானை விட்டதும், அணைத்த விளக்கின் ஒளிபோல அது இல்லாதொழிந்துவிடும். உடம்பிலே தங்கி ஊறிக்கொண்டிருக்கும் என்று எம் தோட்டங்களில் இன்றும் நம்புகின்றார்கள்.

இருந்தும், வேண்டாத படம் வேண்டாததே. நெஞ்சை ஒரு முறை சீ.ரீ. ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட், அதாவது முந்நூற்றுக்கு மேற்பட்ட நெஞ்சுப் படங்களின் அளவு, ஒரே நாளிற் சேர்ந்துவிடும். நோய்க்கு அவசியமானால் மறுப்பது மடமை. பழைய படம் மழையில் நனைந்து போயிற்று என்பதற்காக மறுபடியும் எடுப்பதைத்தான் நம்மால் தடுக்க முடியும். லயத்துக் கூரை ஒழுகும் வீட்டிலே படத்தை எங்கே வைப்பது என்று கேட்பீர்களாயின், அதுவும் நியாயமான கேள்விதான்.

மறுவாரம் அவளையும் அழைத்துக்கொண்டு அவ்வைத்தியசாலைக்குப் போனோம். குற்றஞ் சொல்லும் நோக்கத்தோடு போனோம் என்பதை மறைப்பானேன்? அங்கிருந்தவர் இளைஞர், முழுவதையும் கேட்டுவிட்டு முகம் வாடினார். தமிழிலே அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று எங்களிடமே வினவினார். "நீங்கள் பிள்ளைத்தாச்சியா?" என்று எங்கள் மருமகளே சொல்லிக் கொடுத்தாள். அவர் அதைச் சிங்கள எழுத்திலே எழுதி, இயந்திரத்தின் பொத்தானுக்கு மேலே ஒட்டிக்கொண்டார். கதவிலிருந்த தாளை உரித்து வெளிப்பக்கத்தில் ஒட்டும் வேலையை எம்மிடம் விட்டுவிட்டார். பசை காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றோம்.

வைகாசியிலே பெண் குழந்தை பிறந்தது. தாதி தராசிலே கிடத்தியபோது முள் இரண்டு கிலோ 900 கிராமில் நின்றதாம். மூத்தவனின் நெஞ்சுப் படம் இப்பொழுது எமது வீட்டு அலுமாரியிலே, மழை படாத தட்டில் இருக்கின்றது.