கரையில் நின்ற இரண்டு பேர்

தம்பி மகன் ஓக்லஹோமாவிலிருந்து வந்திருந்தான். பொங்கல் முடிந்து வாசலில் கிடந்த கரும்புச் சக்கையைக்கூட இன்னும் வாரவில்லை. அதற்குள் "பெரியப்பா, வேடந்தாங்கல்ல கேம்ப்கிரவுண்டு எங்க இருக்கு?" என்று ஆரம்பித்துவிட்டான். பெட்டியில் கூடாரத்தோடு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவன் இருக்கும் பக்கத்தில் விச்சிட்டா மலைகள் என்று ஒரு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அதற்குள்ளேயே டோரிஸ் என்ற பெயரில் ஒரு முகாம் மைதானம். பணத்தைக் கட்டிவிட்டு, ஒதுக்கிய இடத்தில் முளையடித்துப் படுத்துக்கொள்ளலாமாம். விடியற்காலையில் கூடாரத்தை விலக்கிப் பார்த்தால் பைசன் என்னும் காட்டெருது மேய்ந்துகொண்டிருக்குமாம். அந்தக் காட்டெருதுகளின் கதை எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்தச் சமவெளியில் இருந்ததையெல்லாம் சுட்டே தீர்த்துவிட்டு, 1907இல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக்காட்சிச்சாலையிலிருந்து 15 உருப்படிகளை ரயிலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது மேய்பவை அவற்றின் வம்சம். இதைச் சொல்லிக்காட்டலாம் என்று நாக்குவரை வந்தது. விருந்தாளியாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

"இங்க அதெல்லாம் கிடையாதுப்பா. சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே அனுப்பிடுவாங்க" என்றேன். வனத்துறை ஓய்வு விடுதி உண்டு என்பதையும் சொன்னேன். கட்டிலும் மின்விசிறியும் இருந்தால் அது முகாம் இல்லையாம்.

பிறகு அவன் கேட்டதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது: "அப்ப ராத்திரி அங்க யாரு இருப்பா?"

வேடந்தாங்கலில் ராத்திரி இருப்பவை பறவைகள். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவை அங்கே எதற்காக இருக்கின்றன என்று யோசித்தால் விஷயம் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். நல்ல மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து சேரும் கூழைக்கடாவுக்கும் நத்தைக்குத்தி நாரைக்கும் அரிவாள் மூக்கனுக்கும் நீர்க்காகத்துக்கும் அந்தத் தண்ணீரில் இருக்கும் மீனும் நத்தையும் எத்தனை நாளைக்குக் காணும்? அவை அங்கே சாப்பிட வருவதில்லை. படுக்க வருகின்றன, குஞ்சு பொரிக்க வருகின்றன. ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் கடம்ப மரமும் கருவேல மரமும்தான் காரணம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்வரை நரியோ காட்டுப்பூனையோ மரத்தடிக்கு வர முடியாது. ஏரி படுக்கையறை என்றால், சுற்றுவட்டாரத்து நெல்வயலும் சிற்றேரியும் சமையலறை. நத்தைக்குத்தி பகலெல்லாம் வயலில் நத்தை பொறுக்கிவிட்டு இருட்டும் நேரத்தில் கூட்டுக்குத் திரும்புகிறது. 2020இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பி, கூச்சல் எழுந்து, பிறகு கைவிடப்பட்டதே, நினைவிருக்கிறதா? வீட்டை அப்படியே விட்டுவிட்டு அடுப்பங்கரையை மட்டும் இடிப்போம் என்கிற யோசனை அது.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கரையில் நின்றால் வேடிக்கை. பகல் வேலைக்காரர்கள் வரிசை வரிசையாக வந்து இறங்குகிறார்கள். கொக்கு, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், எல்லாரும். ஒவ்வொரு கிளைக்கும் தகராறு. அந்த நேரம் பார்த்து, பகலெல்லாம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த வக்கா சோம்பல் முறித்து, 'க்வாக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ராத்திரி வேலைக்குக் கிளம்புகிறது. வந்தவர்களுக்கு இடம் விட்டுவிட்டுப் போகிறவர் போகிறார். இந்த ஆள் மாற்றம் முழுதாக நடந்து முடிவதற்குள் நம்மை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. படுக்கப் போகிற நேரத்தில் எதிர்த்திண்ணையில் யாரோ உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தம்பி மகனைச் சமாதானப்படுத்த, சென்னைக் கடற்கரையில் ராத்திரி முழுக்க வெளியே இருக்கக்கூடிய ஒரே நல்ல காரியத்துக்கு அனுப்பிவைத்தேன். தையிலிருந்து பங்குனிவரை ஆமை முட்டையிடக் கரையேறும். அதனால்தான் மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். முட்டை நாய்க்கும் நரிக்கும் இரையாவதற்கு முன் எடுத்துப் பாதுகாப்பான மணலில் புதைக்க, இந்தக் கரையில் இளைஞர்கள் விடிய விடிய நடக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிவைத்த நடை. வடநெம்மேலியில் 1976இல் முதலைப் பண்ணை வைத்த அதே விட்டேக்கர்தான். 1988இலிருந்து சென்னை மாணவர்கள் அதைத் தொடர்ந்து செய்துவருகிறார்கள். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களில் மீனவப் பிள்ளைகளும் காவல் நிற்கிறார்கள். பையன் போய்வந்து கால் வலி என்று மறுநாள் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. "டார்ச் அடிக்கக்கூடாதாம், பேசக்கூடாதாம், உக்காரக்கூட விடல பெரியப்பா" என்றான். நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒரே குழியில் இட்டு, மணலை மூடி, மேலே தன் உடம்பால் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டதாம் அந்தத் தாய். அதை மட்டும் வாய் மூடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் லயோனல் பிளேஸ் துரையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலப்பரப்புதான் பிறகு செங்கல்பட்டு மாவட்டம் ஆயிற்று. அதற்கு 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்தவர் பிளேஸ். இலகுவான ஆசாமி இல்லை. மிராசுதார்களோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவர். காஞ்சி வரதர் கோயில் காரியங்களிலும் மூக்கை நுழைத்தவர். வேலையை விட்டுப் போகிறபோதுகூடச் சும்மா போகாமல் 1799இல் நீண்ட அறிக்கை ஒன்றை எழுதிவைத்தவர். அவரிடம்தான் வேடந்தாங்கல்காரர்கள் போய் முறையிட்டதாகச் சொல்வார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுடுகிறார்கள், தடுத்துக்கொடுங்கள் என்று. ஊருக்கு இதில் கணக்கு இருந்தது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம். 1798இல் பிளேஸ் ஒரு கவுல், அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். ஏரியில் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமை ஊராருக்கு.

அமெரிக்காவின் முதல் தேசிய வனவிலங்குச் சரணாலயம் புளோரிடாவில் இருக்கும் பெலிகன் தீவு. ரூஸ்வெல்ட் அதை அறிவித்தது 1903இல். அங்கேயும் நம்ம கூழைக்கடாவின் பங்காளிகள்தான். வேடந்தாங்கல் அதற்கு 105 வருஷம் மூத்தது. இதைத் தம்பி மகனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். விருந்தோம்பலுக்கும் ஓர் அளவு உண்டு.

ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தக் கவுல் தொலைந்துபோன கதை. ஊரார் அதை எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டார்கள். எப்போது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. 1858இல் அப்போதைய கலெக்டரிடம் போய்ப் புதுக் கவுல் வாங்கினார்கள். ஆக, நடுவில் எத்தனையோ வருஷம் கையில் காகிதமே இல்லாமல் காவல் நடந்திருக்கிறது. துப்பாக்கியோடு வந்தவனிடம் "துரை எழுதிக் கொடுத்திருக்கார்" என்று வாயால் சொல்லியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பிறகு காகிதத்துக்குப் பஞ்சம் இல்லை. 1936இல் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது, 1962இல் வனச் சட்டத்தின் கீழ் வந்தது, 1998இல் சரணாலய அறிவிக்கை, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியல். நான் இவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே அந்த ஊர்க்காரர்கள், அது எந்த அறிவிக்கையிலிருந்து வந்தது?

பிளேஸ் துரைக்கு இன்னொரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் செங்கல்பட்டு மாவட்டத்தில் யாரும் அவர் பெயரை எடுக்கமாட்டார்கள். மதுராந்தகம் ஏரி, மாவட்டத்திலேயே பெரியது, மழைக்கு மழை கரை உடைத்துக்கொள்ளும். துரை செலவழித்துச் செப்பனிட்டார். ராமர் கோயில்காரர்கள் தாயார் சந்நிதிக்குப் பணம் கேட்டபோது, உங்கள் ராமர் இந்தக் கரையைக் காப்பாற்றட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் மழை கொட்டியது. துரை அங்கேயே முகாம் போட்டார். நடு ராத்திரி, கரை போய்விடும் என்று பயந்து, குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போனார். கரைமேல் இரண்டு பேர் வில்லும் அம்புமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். துரை அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டார். கரை நின்றது. ராமருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்தது. தாயார் சந்நிதியைத் துரை கட்டிக்கொடுத்தார். அவர் பெயரைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

கரையில் இரண்டு பேர் நின்றார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நிற்காமல் எப்படி இருக்கும்?

எங்கள் ஊர் ஏரி மதுராந்தகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஐப்பசி அடைமழையில், ஏரியைக் காவல் காக்கும் நீர்க்கட்டி வீட்டுக்குள் படுத்து நான் பார்த்ததில்லை. மழை வலுத்த ஒரு ராத்திரி அப்பா சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு கிளம்ப, நானும் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். கரையில் அரிக்கேன் விளக்குகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில். யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கரையின் மறுபக்கத்தை, வயல் பக்கத்துச் சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்டு வளை, எலி வளை வழியாக முதலில் நூலாகத்தான் கசியுமாம். கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். நீர்க்கட்டி கையில் ஏந்தி விளக்கடியில் பார்த்தார். பிறகு குனிந்து, காதைச் சரிவில் வைத்துக் கேட்டார். அவர் கையில் ஆளுயரத்துக்கு ஒரு மூங்கில் கழி. தலையில் ஓலைக் குடை. மின்னல் வெட்டியபோது அவரைக் கீழேயிருந்து பார்த்தேன். விடியற்காலை நாலு மணிக்கு யாரோ "கலங்கல் போவுது!" என்று கத்தினார்கள். கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் வழியும் வாய். இனி மிச்சத் தண்ணீர் தானாக வழிந்துவிடும், கரைக்குப் பாரம் ஏறாது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நீர்க்கட்டி வரவில்லை. அவர் அன்றைக்கு எப்போது வீட்டுக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே, குடையோடு கீழே நின்ற ஒரு துரை, மின்னல் வெளிச்சத்தில், கழியோடு மேலே நடக்கும் இரண்டு நீர்க்கட்டிகளைப் பார்த்திருந்தால் என்ன என்பது என் கட்சி. கழி வில்லாகத் தெரிய அதிக பக்திகூட வேண்டாம். கொஞ்சம் மழையும் நிறையப் பயமும் போதும். நான்கு வருஷம் ஜாகீரைச் சுற்றி வந்தும், அந்த ராத்திரிவரைக்கும் அவர் ஏரிகளைப் பகலில் மட்டுமே பார்த்திருக்கக்கூடும். வேடந்தாங்கலில் கையெழுத்துப் போட்டபோதும், துப்பாக்கிக்காரர்களை எந்தக் காகிதம் தடுக்கும் என்பதைவிட எந்த ஆள் தடுப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். உரிமையை ஊராருக்கு எழுதிவைத்தாரே.

இந்தக் கட்சியை மதுராந்தகம் கோயில் வாசலில் ஒரு பெரியவரிடம் ஒருமுறை எடுத்துவிட்டேன். உடம்பில் பன்னிரண்டு திருமண் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். விவசாயி என்று தெரிந்ததால் துணிந்தேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் பொறுமையாகக் கேட்டார்.

"நீர்க்கட்டிதான்னே வெச்சுக்குங்க. அந்த ராத்திரி நீர்க்கட்டியா வந்தது யாரு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறு பக்கம் திரும்பினேன். "நீர்க்கட்டிக்குக் களத்துல மேரை அளப்பாங்களே, அன்னிக்கு நின்ன ரெண்டு பேருக்கு யாருங்க அளந்தது?"

மேரை என்பது நெல் அடித்த களத்திலேயே, பங்கு பிரிப்பதற்கு முன்னால், ஊர் வேலை செய்கிறவர்களுக்கு ஒதுக்குவது. 1767இலிருந்து பர்னார்டு என்னும் கும்பினி அதிகாரி ஜாகீர் கிராமங்களை அளந்தபோது எழுதப்பட்ட ஓலைக் கணக்குகளில் நீர்க்கட்டிக்கு இவ்வளவு, வெட்டியானுக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு என்று வரிசையாக வரும்.

பெரியவர் கோபுரத்தைக் காட்டினார். "கோயிலுக்கும் மேரை உண்டுங்க. அதே களத்துல, அதே மரக்கால்ல."

"நீர்க்கட்டிக்கு?"

"அவருக்கும்தான் அளந்தாங்க. எங்க தாத்தா காலத்துல நிறுத்திட்டாங்க."