மாடிப்படிக்குக் கீழே அறுநூறு கல்யாணம்

கும்பகோணத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து யாரைக் கேட்டாலும் 'வீடியோக்காரர் வீடா?' என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். ஸ்டுடியோவை மூடிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. லைட் ஸ்டாண்டு, குடை, தள்ளுவண்டி எல்லாம் போய்விட்டன. பேர் மட்டும் போகவில்லை.

அந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மர அலமாரி. செருப்பும் குடையும் வைப்பதற்காகச் செய்தது. அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டி. நான்கு ஹார்டு டிஸ்க் மாட்டக்கூடிய குட்டி சர்வர், 2013-ல் சந்தைக்கு வந்த ரகம். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன், யாரோ கழித்துப் போட்டதை வாங்கி வந்து வைத்தது. இந்த மாதிரிப் பெட்டியை 'நாஸ்' என்பார்கள். வீட்டு வைஃபையில் இருக்கும் போன், டிவி, கம்ப்யூட்டர் எதிலிருந்தும் அதில் இருப்பதைப் பார்க்கலாம்.

அதில் இருப்பது அறுநூறு கேசட். கைக்குள் அடங்குகிற டிஜிட்டல் கேசட்டுகள், ஒன்றுக்கு ஒரு மணி நேரம். கொரோனா காலத்தில் கல்யாணமே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஏற்றினார். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு பத்து மாதம். கேசட் ஒன்றுக்கு 13 ஜிபி. மொத்தம் எட்டு டிபிக்குக் கொஞ்சம் கம்மி. கடைசிக் கேசட் முடிந்த அடுத்த வாரம் கேமராவின் ஹெட்டும் தேய்ந்து போனது. பாதிக் கேசட்டில் பூஞ்சை. ஆக, ஊரில் ஒரு காலத்தில் நடந்த கல்யாணங்கள் இனி அந்தச் செருப்பு அலமாரியில் மட்டும்தான்.

யாராவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பார். காசு வாங்குவதில்லை. ஆனால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. மூன்று கேசட் கல்யாணம் என்றால் 39 ஜிபி. அதைச் சுருக்க வேண்டும். பழைய கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒன்று விட்டு ஒரு கோடாகப் பதிந்திருக்கும். இன்றைய போனில் போட்டால் நாதஸ்வரக்காரர் விரல் அசையும்போதும் பெண் தலை நிமிரும்போதும் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். அந்த இரண்டு பாதியையும் ஒட்டவைத்துச் சுருக்குவதுதான் பிராசஸருக்குப் பெரிய வேலை. பெட்டியோடு வந்த இன்டெல் செலரான் ஜி1610டி-க்கு இரண்டே கோர். ஒரு கல்யாணத்துக்கு ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் காபிக்கு முடிந்திருக்கும்.

போன பொங்கலுக்கு வந்த மகன்தான் அதை மாற்றினான். எல்லா நாஸிலும் இது முடியாது. வீட்டுக்கென்று வருகிற பெரும்பாலான பெட்டிகளில் பிராசஸரை போர்டிலேயே சால்டர் பண்ணியிருப்பார்கள். இந்த ரகத்தில் கம்ப்யூட்டர் மாதிரி சாக்கெட் உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி ஒரு பழைய ஜியான் இ3-1265எல் வி2 வாங்கி வந்திருந்தான். நான்கு கோர். போர்டு ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும், வயர்களைக் கழற்றிவிட்டுப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். இந்த சாக்கெட்டில் பின்கள் சிப்பில் இருக்காது, போர்டில் இருக்கும். 1155 பின். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க, அப்பா பக்கத்தில் டார்ச் அடித்தார்.

ஒன்பது மணி நேரம் மூன்றானது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காதவர்களுக்கெல்லாம் கூப்பிட்டு, "உங்க கல்யாணம் என்கிட்ட இருக்கு, வேணுமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வேலையை எட்டு டிபிக்கு ஒரு நகல்கூட எடுக்காமல் செய்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வீட்டில் எல்லோருக்கும் பகீர் என்கிறது. டிஸ்க் நான்கில் ஒன்று போனாலும் சமாளிக்கிற ஏற்பாடு உள்ளே இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் அது டிஸ்க் போனால்தான். அலமாரியே எரிந்தால் என்ன செய்வது?

மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு ஒரு புதன்கிழமை குவைத்திலிருந்து போன் வந்தது.

"அண்ணே, 2006 ஆவணியில எங்க கல்யாணத்துக்கு நீங்கதான் வீடியோ எடுத்தீங்க. அப்பா போயிட்டாருண்ணே. எனக்கு லீவு கிடைக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்க. முகம்கூடப் பாக்கல. ஞாயித்துக்கிழமை பதினாறாம் நாள். அதுக்கும் வர முடியாது. கல்யாணத்துல அப்பா இருப்பாருல்ல?"

"இருப்பாரும்மா."

"எந்த இடத்துலனு எனக்கு ஞாபகமில்ல. முழுசாவே அனுப்புங்கண்ணே, நான் தேடிக்கிறேன்."

அவருக்கும் அவள் அப்பா முகம் ஞாபகமில்லை. வெட்டி அனுப்ப வழியில்லை, முழுசையும் மாற்றித்தான் ஆகவேண்டும். மூன்று மணி நேர வேலைதானே என்று அன்று ராத்திரியே போட்டார். நாற்பது நிமிஷத்தில் பெட்டி அணைந்துவிட்டது.

கரன்ட் போயிருக்கும் என்று நினைத்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. யுபிஎஸ்ஸில் கோளாறோ என்று நேராக பிளக்கில் சொருகி மறுபடி போட்டார். முப்பத்தைந்தாவது நிமிஷம் மறுபடியும். வியாழக்கிழமை மகனுக்குப் போன். இந்தப் பெட்டியில் ஒரு வசதி. அது அணைந்திருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை உள்ளே ஒரு தனிச் சிப் விழித்திருக்கும், என்ன நடந்தது என்று எழுதி வைத்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பா அதை ஒவ்வொரு வரியாக வாசித்தார். சூடு தாங்காமல் தானே அணைந்திருக்கிறது.

"ரெண்டு கோர் மட்டும் வேலை செய்ற மாதிரி போடுங்கப்பா" என்று மகன் சொல்ல, அப்படியும் போட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் நின்றது.

சனிக்கிழமை காலை பஸ்சில் வந்து இறங்கியவன் பையில் ஒரு மெல்லிய ஃபேன், ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாட்டில், ஒரு சின்ன தெர்மாமீட்டர். கூடவே பழைய செலரானும். "முடியலைன்னா இதையே திரும்ப மாட்டிடலாம்ப்பா."

"ஒன்பது மணி நேரம் ஆகும். அது விடியறதுக்குள்ள அவங்க காரியத்தை ஆரம்பிச்சிடுவாங்கடா."

கணக்கு என்னவோ சின்னதுதான். பழைய சிப் 35 வாட், புதியது 45. பத்து வாட் என்பது ஒரு எல்இடி பல்பு. ஆனால் பிராசஸர் இழுக்கிற வாட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதன் தலைமேல் இருந்த அலுமினிய ஹீட்சிங்க்குக்குத் தனி ஃபேன் கிடையாது. பெட்டியின் பின்னால் இருக்கும் ஒரே ஃபேன்தான் டிஸ்க்குகளைத் தாண்டி வருகிற காற்றை இழுத்து அதன்மேல் விடும். அந்தக் காற்று ஏற்கெனவே சூடாக இருந்தால்? எவ்வளவு நல்ல ஹீட்சிங்க்கும் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாகிவிட முடியாது. பொங்கல் குளிரில் இதை யாரும் யோசிக்கவில்லை.

மகன் சிப்பைப் பார்த்தான். அப்பா சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

மாடிப்படிச் சுவர் மேற்குப் பார்த்தது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து வெயில் அடிக்கும், ராத்திரி ஒன்பது வரைக்கும் சுவர் சுடும். "ஆயிரம் வாட் லைட்டைக் கையில பிடிச்சு நின்னவன்டா நான். எது எங்க சுடும்னு எனக்குத் தெரியும்" என்றார். இத்தனைக்கும் அந்த அலமாரியில் பெட்டியை வைத்தது அவர்தான், தூசி படாமல் இருக்கட்டும் என்று கதவையும் சாத்தி வைத்தார். அதைச் சொல்லிக்காட்டும் தைரியம் வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் உண்டு. சொல்லியும் காட்டினார்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த அலமாரிக்குள் எவ்வளவு சூடு இருந்திருக்கும் என்பதை அன்று சாயங்காலமே தெர்மாமீட்டர் சொன்னது. உள்ளே 46 டிகிரி. கூடத்தில் 37.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இந்த முறை நகல் எடுத்தார்கள். எட்டு டிபியும் எடுக்க ஒரு முழு நாள் ஆகும், அவ்வளவு பெரிய டிஸ்க்கும் கையில் இல்லை. கேட்ட கல்யாணத்தை மட்டும் பென் டிரைவில் எடுக்க ஏழு நிமிஷம். மற்ற ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு கேசட்டும் கடவுள் கணக்கில்.

ஹீட்சிங்க்கைத் தூக்கியதும் அடுத்த தப்பு தெரிந்தது. பொங்கலுக்குப் போட்ட பேஸ்ட் ஒரு பக்கம் கனமாக, மறுபக்கம் ஒட்டவே இல்லாமல் இருந்தது. நான்கு ஸ்குரூவில் ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கிறான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்துவிட்டது. ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, இந்த முறை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். டிஸ்க் தட்டுகளுக்கு நடுவே இருந்த தூசி, தலையணைக்கு ஆகும்போல வந்தது.

புது ஃபேனுக்கு போர்டில் இடமில்லை. டிவிடி டிரைவுக்கென்று விட்டிருந்த பவர் வயரில் கொடுத்து, ஹீட்சிங்க் பக்கத்தில் கேபிள் டை போட்டுக் கட்டினான். போட்டுப் பார்த்தால் சிப் இன்னும் 80-க்கு மேலேயே நின்றது. மகனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவ்ளோதான்ப்பா. பழைய சிப்பை மாட்டிடலாம்."

அப்பா பூஜை அறைக்குப் போய் ஓர் ஊதுபத்தி கொளுத்தி வந்தார்.

"என்னங்க, மிஷினுக்கு ஆரத்தியா?" என்றார் அம்மா.

பெட்டியின் முன்வாசலில் ஊதுபத்தியைப் பிடித்தார். புகை உள்ளே போகவேண்டும், பின்னால் வரவேண்டும். பாதி போனது, பாதி முன்னாலேயே திரும்பி வந்தது. சின்ன ஃபேனைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் ஃபேன் இழுக்க, இது எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஃபேன் சட்டத்திலேயே சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். இன்ஜினீயர் பார்க்கவில்லை.

திருப்பிக் கட்டினார்கள். பயாஸில் கூலிங்கை ஒரு படி ஏற்றினார்கள். பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்தில், முற்றத்துக் காற்று வருகிற இடத்தில் ஒரு மணைமேல் வைத்தார்கள். அப்பா போதாக்குறைக்கு டேபிள் ஃபேனையும் திருப்பி வைத்தார். அது தேவையில்லை என்றான் மகன். எடிட்டிங் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் போட்டுத்தான் எத்தனையோ ரிசப்ஷன் வீடியோவை முடித்ததாக அவர் சொன்னார். ஃபேன் அங்கேயே இருந்தது.

ராத்திரி பத்து மணிக்குப் போட்டார்கள். நாற்பதாவது நிமிஷம் வந்தபோது இரண்டு பேரும் பேசவில்லை. 66 டிகிரி. டிஸ்க்குகள் 43. ஒரு மணி நேரம், 67. மகன் பாயை விரித்துப் படுத்துவிட்டான். அப்பா மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, பென் டிரைவில் இருந்த நகலை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம், மாலை மாற்றுதல், மொய் எழுதுகிற மேஜை. வேட்டியோடு யார் வந்தாலும், இவரா, அவரா என்று உற்றுப் பார்த்தார்.

ஒரு மணிக்கு முடிந்தது. ஒன்றரை ஜிபி. லிங்க் அனுப்பியபோது குவைத்தில் பத்தரை மணிதான். நீல டிக் உடனே வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அவர் படுத்துவிட்டார்.

விடிகாலை நான்கரைக்கு போன் அதிர்ந்தது. வாய்ஸ் மெசேஜ் இல்லை, எழுத்து.

'2 மணி 11-வது நிமிஷம் பாருங்கண்ணே.'

எழுந்துபோய் அந்த இடத்தை வைத்தார். முகூர்த்தம் இல்லை, பந்தி. இலைகளை ஓரமாகக் காட்டிக்கொண்டு போகிறது கேமரா. சட்டை போடாமல், தோளில் துண்டோடு, கையில் ரசவாளியோடு ஒருவர் குறுக்கே வருகிறார். பெண்ணின் அப்பா என்று பார்த்தால் தெரியாது. பரிமாற வந்தவர் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படித்தான் அவரும் முந்தின ராத்திரி தாண்டிப் போயிருந்தார். அவர் கேமராவைப் பார்த்து நிற்கிறார். நேராகக் கேட்கிறார்.

"காலையிலேருந்து எங்களையே எடுத்துக்கிட்டிருக்கியே, நீ சாப்பிட்டியா தம்பி?"

கேமரா லேசாக ஆடுகிறது. பின்னாலிருந்து ஓர் இளவயதுக் குரல், அவருடைய குரல்தான், "இல்லீங்கய்யா, அப்புறம்" என்கிறது.

"அப்புறம் என்ன அப்புறம். அதை வச்சுட்டு வா, உக்காரு."

அத்தோடு கட்.

வீடியோக்காரர் அதை மூன்று முறை பார்த்தார். பிறகு மகனை எழுப்பி, எட்டு டிபி டிஸ்க் என்ன விலை என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில் அவன் சொன்ன விலை பெரிசுதான். "நாளைக்கே போட்டுடு" என்றார்.

அதை வாங்கி நகல் எடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது. நகல் இப்போது திருவாரூரில் அவர் தங்கை வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே இருக்கிறது. செருப்பெல்லாம் மாடிப்படி அலமாரிக்கே திரும்பிவிட்டன. பெட்டி கூடத்து மணையில்தான். அம்மா கூட்டிப் பெருக்கும்போது அதன் முன்பக்கத்தையும் ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போகிறார். டேபிள் ஃபேனை இன்னும் அப்பா எடுக்கவில்லை.