எப்போது நடுங்குகிறது?

நோயைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்குப் பாதிக் குணம் கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம். மருத்துவரிடம் சென்று, ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்பவர்கள் நம்மில் பலர். எந்த இடத்தில், எந்த வேளையில், எதைச் செய்யும்போது என்று அவர் திருப்பிக் கேட்டால் விழிப்போம். நாம் ஓட்டும் வண்டிகளைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறோம். ‘கார் ஆடுகிறது’ என்கிறோம். எப்படி ஆடுகிறது, எப்போது ஆடுகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரு கேள்விகளின் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு டயர்.

நான் வாழும் கோலா கங்சாரிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரைச் சனிக்கிழமைதோறும் சிகிச்சைக்காக அங்கே அழைத்துச் சென்றுவந்தேன். பழைய சாலை வளைந்து வளைந்து செல்லும், நோயாளிக்கு ஆகாது. ஆகவே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையையே நம்பினேன். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளும் அச்சாலை 1994இல் முழுமை பெற்றது. எங்கள் ஊர்ப்பக்கம் அதன் ஒரு பகுதி 1980களிலேயே திறக்கப்பட்டுவிட்டது. மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைப்பகுதியில் வேகத்தைக் குறைக்க வேண்டும். சமதளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை செல்லலாம்.

ஊருக்குள் ஓடும்போது என் கார் பசுவைப் போல் சாதுவாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் 90ஐத் தொட்டதும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தொடங்கும். 100இல் அது உச்சத்தை அடையும். 110ஐ நெருங்கினால் சற்றே தணியும். அம்மா கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார். மகன் கவலைப்படுவானே என்று அச்சத்தை மறைக்கும் தாயின் மௌனம் அது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். நான் ‘ஆடுகிறது’ என்றேன்; அங்கே அதிர்வு தாங்கிகள் இரண்டையும் மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. இன்னொரு பட்டறையில் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்து, எடைத் துண்டுகளும் ஒட்டினார்கள். நடுக்கம் குறைந்தது. ஆனால் பதினைந்தே நாளில் திரும்பி வந்தது. அடுத்து ஸ்டியரிங் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு பெருந்தொகையைச் சொன்னார்கள். ஆசிரியச் சம்பளத்தில் மருத்துவச் செலவும் சேர்ந்திருந்த காலம் அது.

அப்போதுதான் சக ஆசிரியர் ஒருவர், சுங்கை சிப்புட் செல்லும் பழைய சாலையோரம் தகரக் கொட்டகையில் தொழில் செய்யும் ஒரு முதியவரைச் சொன்னார். தோட்டத்துப் பால் லோரியில் உதவியாளாகத் தொடங்கி, லோரியின் அடியில் படுத்தே தொழில் கற்றவர் அவர். அம்மா காரினுள் இருக்க, நான் இறங்கி என் குறையைச் சொன்னேன். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. திருகாணி எதையும் தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

“நடுக்கமா, குலுக்கலா, ஆட்டமா வாத்தியாரே? மூணும் வேற வேற.”

நான் தமிழ் கற்பிப்பவன். ஆயினும் அந்த மூன்று சொற்களையும் அதுவரை ஒன்றாகவே புழங்கிவந்தேன். அவருக்கோ ஒவ்வொன்றும் ஒரு தனி நோயின் பெயர். விரைந்து சிறிதாக வருவது நடுக்கம். மேலும் கீழுமாகத் தூக்கிப் போடுவது குலுக்கல். பக்கவாட்டில் மெல்ல அசைவது ஆட்டம். ‘நடுக்கம்’ என்றேன்.

கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா என்பது அடுத்த கேள்வி. கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையிலும் தரையிலும் மட்டும் தெரிந்தால் பின் சக்கரத்தை ஐயுற வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருமானால் பிரேக் தட்டின் குறை. எண்ணெயை அழுத்தி வேகமெடுக்கும்போது மட்டும் வருமானால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. நின்ற நிலையிலேயே எஞ்சினை முறுக்கினாலும் வருமானால் எஞ்சினையோ அதைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளையோ பார்க்க வேண்டும். என் கார் இவை எதிலும் மாறவில்லை. சாலையில் ஓடும் வேகம் ஒன்றுக்கே அது கட்டுப்பட்டது. ஆகவே குற்றவாளி சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒன்று என்றார்.

அவர் சொன்னதை வீட்டில் கணக்கிட்டுப் பார்த்தேன். 13 அங்குல வட்டு கொண்ட சிறிய காரின் டயர் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் 15 முறைக்கு மேல் சுழல்கிறது. வட்டின் விளிம்பில் ஓரிடத்தில் 30 கிராம் எடை மிகுந்திருந்தால் போதும். அவ்வேகத்தில் அது வெளிநோக்கி இழுக்கும் விசை நாலரைக் கிலோகிராம் எடைக்கு ஈடாகிறது. நொடிக்குப் பதினைந்து முறை அவ்விசை மேலும் கீழும் முன்னும் பின்னுமாகச் சக்கரத்தை இழுக்கிறது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். ஊருக்குள் கார் சாதுவாக இருந்ததன் காரணம் இதுவே.

அப்படியானால் 110இல் நடுக்கம் ஏன் தணிய வேண்டும்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறு கையும் அதை உயரே அனுப்பிவிடும். ஒத்திசையாமல் தள்ளினால் வலுவான கையும் பயன்படாது. சக்கரமும் அதைத் தாங்கும் வில்லும் ஸ்டியரிங்கும் சேர்ந்த அமைப்புக்கும் அத்தகைய இயல்பான ஆட்டம் உண்டு. 100ஐ ஒட்டிய வேகத்தில் சக்கரத்தின் சுழற்சி அதனோடு ஒத்துப்போகிறது. அதைத் தாண்டினால் விலகிவிடுகிறது.

முதியவர் என்னோடு நிறுத்தவில்லை. காரின் இடப்பக்கம் சென்று குனிந்து, “அம்மா, உங்களுக்கு எங்க தெரியுது?” என்று கேட்டார். அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. “காலுக்குக் கீழ, இந்தப் பக்கமா, தட்டுற மாதிரி” என்று அம்மா இடது காலடியைக் காட்டினார். முதியவர் இடது முன்சக்கரத்தைக் கழற்றினார்.

வட்டின் உட்புறத்தைத் தடவினார். செம்மண் பாதையில் சென்றால் மண் அங்கே இறுகிக்கொண்டு எடையைக் கெடுக்கும், அது இல்லை. இரண்டாம் பட்டறையில் ஒட்டிய எடைத் துண்டுகள் விழுந்துவிட்டனவா என்று பார்த்தார். அவை இருந்த இடத்திலேயே இருந்தன. அங்கேதான் அவர் முகம் மாறியது.

“ஒட்டின ஈயம் அப்படியே இருக்கு. ஆனா நடுக்கம் திரும்பி வந்திருக்கு. அப்படின்னா டயரே மாறிக்கிட்டு இருக்கு வாத்தியாரே.”

எவ்வளவு எளிய தர்க்கம்! சரியாகச் சமன் செய்த சக்கரம் தானாகச் சமன் இழக்காது. எடை விழவில்லை, மண் ஒட்டவில்லை, வட்டு நெளியவில்லை என்றால் எஞ்சியிருப்பது டயர் ஒன்றே. சக்கரத்தை அச்சில் மாட்டி, ஒரு சுண்ணக்கட்டியை டயரின் மேற்பரப்பை ஒட்டினாற்போல் அசையாமல் பிடித்து, மெல்லச் சுழற்றினார். ஓரிடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அவ்விடத்தில் டயர் கண்ணுக்குத் தெரியாத அளவு புடைத்திருந்தது. பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களையும் காட்டினார். முதல் இரண்டும் டயர் செய்யப்பட்ட வாரம். அடுத்த இரண்டும் ஆண்டு. தடங்கள் தேயாமல் இருந்தாலும் அது வயதான டயர் என்பதை அவை கூறின.

புதிய டயரை மாட்டியபின் பழையதை அறுத்துக் காட்டினார். உள்ளே இருந்த எஃகு இழைப் பட்டை ரப்பரிலிருந்து விட்டுப்போய், வெப்பத்தில் பிரிந்து கிடந்தது. இன்னும் சில சனிக்கிழமைகள் ஓடியிருந்தால் அது நெடுஞ்சாலையில் வெடித்திருக்கலாம். எடைத் துண்டு நடுக்கத்தைத் தற்காலிகமாக மறைத்தது, நோயை வளரவிட்டது. குறியை மறைக்கும் மருந்து, நோயைவிடக் கொடியது.

அம்மா அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, முப்பது ஆண்டுகள் மரம் சீவிய கை அது. “கத்தி ஆழமாப் போயிட்டா மரத்துக்கும் இப்படித்தான். பட்டை மேல மூடிக்கும். பின்னால முடிச்சு முடிச்சாக் கெளம்பும்” என்றார். 1877இல் இந்நாட்டில் முதன்முதலாக நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்பது, ஹியூ லோவின் முயற்சியால் எங்கள் கோலா கங்சாரில் வேர்பிடித்தவை. அவற்றுள் ஒன்று வேலிக்குள் இன்றும் நிற்கிறது. அம்மரத்தின் வழிவந்த தோட்டங்களில் உழைத்த ஒருத்திக்கு ரப்பரின் உட்காயம் புரிந்ததில் வியப்பில்லை. கேட்பதற்கு ஒருவர்தான் தேவைப்பட்டது.

திருவள்ளுவர் மருந்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று அறிவதையும் அதன் மூலத்தை அறிவதையும் தனித்தனியே வைத்தார். நாம் அக்குறளை மனனம் செய்விக்கிறோம். வகுப்பறையில் அதைச் செய்கிறோமா? என் மாணவன் ஒருவன் ‘ழ’கரத்தைப் பிழையாக எழுதினான். நூறு முறை எழுதச் சொல்வது பழைய பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுவது போன்றது. எப்போது பிழைக்கிறான் என்று பார்த்தேன். சொல்வதெழுதலில் பிழையில்லை, வாசிப்பிலும் பிழையில்லை. நேரம் குறித்து எழுதும் கட்டுரையில் மட்டுமே பிழை வந்தது. அவனுக்கு எழுத்துத் தெரியும், வேகம் தாங்கவில்லை. தேவைப்பட்டது நூறு முறை எழுதுவதன்று. எழுதியதைத் திரும்பப் படிக்க ஐந்து நிமிடம்.

பிழையையும் பழுதையும் நாடுவோர்க்கு முதற்கருவி சொல்லே. உங்கள் கார் நெடுஞ்சாலையில் நடுங்குமானால், பட்டறைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே தெரிகிறது, பிரேக்கிலோ முடுக்கத்திலோ மாறுகிறதா, அண்மையில் எதை மாற்றினீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். உடன் பயணம் செய்பவரையும் ஒரு வார்த்தை கேட்டு, அதை ஐந்தாம் வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.