பின்பக்கம் பார்த்து முன்பக்கம் போடு

நாய்க்குப் பச்சைக்கறி போடலாமா என்று பாகூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள், "பச்சை ரத்தம் ருசி கண்டுதுன்னா இன்னைக்கு ஆட்டைக் கடிக்கும், நாளைக்கு ஆளைக் கடிக்கும்" என்பார்கள். வீடியோ பார்த்துவிட்டு வரும் இளசுகள், "நாய் ஓநாய் வம்சம், அதுக்குச் சோறே ஆகாது" என்பார்கள். நான் யாரிடம் வேலை பழகினேனோ அந்த அக்கா இரண்டையும் காதில் வாங்கமாட்டார். "பின்பக்கம் பாத்துட்டு முன்பக்கம் போடு தம்பி" என்பார். நாய் போட்டதைப் பார்த்த பிறகுதான் நாய்க்கு என்ன போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அவரிடம் நான் கற்ற முதல் பாடம் அதுதான். இன்றுவரை அதற்கு மேல் பெரிய பாடம் எதுவும் வரவில்லை.

அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பாகூருக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவில் வீடு, பின்னால் சின்னத் தென்னந்தோப்பு. அடிபட்டதும் அநாதையானதுமான நாய்களை வாங்கி, உடம்பு தேற்றி, வேறு வீடு கிடைக்கும்வரை வைத்திருப்பார். 'ஃபாஸ்டர்' என்று ஊருக்குள் எல்லோரும் சொல்லப் பழகிவிட்டார்கள். நான் வில்லியனூர்க்காரன். மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாக வண்டியில் போய்வந்து பழகினேன். சம்பளம் கிடையாது. காலை டிபன் மட்டும் உறுதி.

அங்கே வரும் நாய்கள் பல ரகம். ஏரிக்கரையில் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன குட்டிகள், பைக் அடித்த நாட்டு நாய்கள், இந்த வெயிலுக்கு ஒத்துவராத அடர்ந்த மயிர்க்காரச் சீமை நாய்கள். ஆசைக்கு வாங்கியவர்கள் ஏசி கரண்ட் பில் பார்த்ததும் ஊசுட்டேரிப் பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த ரகமானாலும் முதல் இரண்டு வாரம் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம். அந்த அறைக்குள் போட்டுக்கொள்ளும் செருப்புகூட அந்த அறையை விட்டு வெளியே வராது. காரணம் பார்வோ. குட்டிகளை ரத்தக் கழிசலில் கொண்டுபோகும் அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வழக்கமாக நாம் ஊற்றும் பினாயிலுக்கு அது அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். ஒரு குட்டி கொண்டுவந்த நோய் அடுத்த மழைக்காலத்துக் குட்டியைக்கூடத் தின்னும் என்பதால், பாசத்துக்கு முன்னால் துடைப்பம் என்பது அங்கே சட்டம்.

விடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாயாகப் பின்னால் போக வேண்டும். கெட்டியா, களியா, தண்ணியா? சளி படிந்திருக்கிறதா? ஈரல் கூடிப்போனால் கறுத்து இளகிப் போகும். எலும்பு கூடிப்போனால் வெளுத்து, காய்ந்து, மிதித்தால் சுண்ணாம்பாக உதிரும். நாய் முக்கி முக்கி நிற்கும். நொய்யரிசி போட்டது போட்டபடியே வெளியே வந்தால் வேகவில்லை என்று அர்த்தம். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனேன். பிறகு பொத்துவதில் பயனில்லை என்று தெரிந்தது, ஏனென்றால் வாடையும் நோட்டில் எழுத வேண்டிய விஷயம். ரத்தக் கழிசலின் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் வாசலிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறு. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுக்கும், இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதித்தால் உடம்பில் நீரோ ரத்த ஓட்டமோ போதவில்லை. ஈறே வடித்த கஞ்சி நிறத்தில் இருந்தால் காதுமடலையும் கால்விரல் இடுக்கையும் விரித்து உண்ணி தேடச் சொல்வார் அக்கா. உண்ணிக் காய்ச்சல் நாயின் ரத்தத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று படிய வேண்டும், கூடாரம்போல் நின்றால் நீர் வற்றியிருக்கிறது. நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி. நம்மைத் தொடுகிற கையால் தொட்டுப் பார்த்துக் 'காய்ச்சல்' என்று சொல்லக்கூடாது, தெர்மாமீட்டர்தான் சாட்சி. கணக்கு உதைத்தால் குரும்பாப்பேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி கிளம்பிவிடும். கைவைத்தியம் பேச அக்கா விடமாட்டார். அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்குத் தன் எல்லை தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கிண்ணம். புதிதாக வந்த நாய்க்கு உப்பில்லாத நொய்க்கஞ்சியும் வேகவைத்துப் பிய்த்த கோழியும். பட்டினி கிடந்த வயிறு என்று அள்ளிக் கொட்டினால் அதுவே எமன், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை.

பச்சைக்கறி என்ற பேச்சை நான்தான் எடுத்தேன். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய அலை அது. நாய்க்குப் பச்சை எலும்பும் கறியும்தான் இயற்கை உணவு என்பது அவர் கட்சி. அக்காவிடம் சொன்னேன். "எலும்புன்னு சொன்னது சரி" என்றார். வெறும் கறியில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். ஆசையாகக் கறி மட்டுமே தின்று வளர்ந்த குட்டியின் முன்னங்கால் வில்லாக வளைந்திருந்ததை அவர் வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். அதனால் கறி வேகவைத்தே போடும் குட்டிகளுக்கு முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துக் கலப்பார். ஒரு கிராம் ஓட்டுத்தூளில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதையும் அளந்துதான் போடுவார், ஏனென்றால் வளரும் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் கெடுதல்.

ஓநாய் வம்சம் என்ற வாதத்துக்குப் பதில் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதனோடு சேர்ந்து மீந்த கஞ்சியைக் குடித்துக் குடித்தே நாயின் வயிறு சோற்றுக்குப் பழகியது. பாகூர் நெல்லுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர் நாய் சோறு தின்பதை இயற்கைக்கு விரோதம் என்று இனி என்னிடம் யாரும் சொல்ல முடியாது.

கோழிக்கடைக்கு விடிகாலையில் போக வேண்டும், கூட்டத்துக்கு முன்னால். அன்றைக்கு அறுத்ததில் கழுத்து, கால், முதுகெலும்பு, இரைப்பை என்று கேட்டு வாங்க வேண்டும். காலில் நகத்தை வெட்டிவிடச் சொல்ல வேண்டும். ஈரல் கொஞ்சம்தான், மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து கெடுக்கும். உடம்பு தேறி, பூச்சி மருந்து கொடுத்து, நோட்டில் தொடர்ந்து 'கெட்டி' என்று எழுதப்பட்ட பெரிய நாய்க்கு மட்டும் ஒரு பச்சைக் கழுத்து. அதையும் கீழே போடக்கூடாது. ஒரு முனையை நாம் பிடித்திருக்க, மறுமுனையை நாய் கடைவாயில் வைத்து நொறுக்க வேண்டும். அவசரக்காரன் அப்படியே விழுங்கப் பார்ப்பான், பிடித்திருந்தால் மென்றுதான் ஆக வேண்டும். கறுமுறு என்று சத்தம் கேட்டால் விடலாம். பதினைந்து கிலோ நாட்டு நாய்க்கு முழுக்கப் பச்சையாகவே போடுவதென்றாலும் நாளைக்கு 300 முதல் 450 கிராம்தான்.

வெந்த எலும்பு எந்த நாளும் கிடையாது. வேகவைத்தால் எலும்பு மொரமொரப்பாகி ஊசி ஊசியாகப் பிளக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பை மிச்சம் வைத்து அன்போடு கொண்டுவரும் அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக்கொண்டு, அவர்கள் தலை மறைந்ததும் குப்பையில் போடுவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதில் ஒட்டியிருக்கும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது.

மாட்டு நுரையீரல் மலிவாகக் கிடைக்கும். அது வந்த அன்று அக்கா பலகையில் விரித்து, ஒவ்வொரு மடலாக விரலால் அழுத்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். என் விரலை வாங்கி அங்கே வைத்தார். பஞ்சுக்குள் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, அழுத்தமாக ஏதோ தட்டுப்பட்டது. கத்தி நுனியால் கீறினதும் தெளிந்த நீர் வடிந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு சவ்வு. "இது நாய் வயித்துக்குள்ள பச்சையா போச்சுன்னா நாடாப்புழு. நாய் போடற மண்ணிலேருந்து முட்டை நம்ம வாய்க்குப் போச்சுன்னா நம்ம கல்லீரல்ல இதே கட்டி. ஆபரேஷன் தியேட்டர்ல பாத்திருக்கேன்" என்றார். ஆடு மாட்டின் உள்ளுறுப்பைப் பச்சையாகப் போடக்கூடாது என்று எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டியை விரல் தொட்ட பிறகு எனக்கு எழுத்து தேவைப்படவில்லை. கட்டியுள்ள நுரையீரல் எரிக்கப்பட்டது. நல்லதாகத் தெரிந்தாலும் குக்கரில் போகாமல் நுரையீரல் கிண்ணத்துக்கு வராது.

நரம்பை, பனித்திட்டுப் பக்கமிருந்து வரும் மத்தியும் அப்படித்தான். பச்சை மத்தியில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது அடங்கிவிடும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-ல் பச்சை இறைச்சி உணவு வேண்டாம் என்று கொள்கை அறிவித்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் நாய்க்கு ஒன்றும் செய்யாமலே அதன் மலத்திலும் எச்சிலிலும் வெளியேறி வீட்டிலுள்ள குழந்தையையும் கிழவியையும் படுக்கவைக்கலாம் என்பது முக்கியக் காரணம். பச்சைக்கறிக் கட்சிக்காரர்கள் இதை மிகைப்படுத்தல் என்பார்கள். ஃப்ரீசர் நிற்காமல் ஓடும் ஊரில் அவர்கள் வாதாடட்டும். நம் ஊர் வெயிலில், கரண்ட் போய்வரும் மே மாதத்தில், கோழிக்கழுத்து இரண்டு மணி நேரம் திண்ணையில் கிடந்தால் அது உணவே இல்லை.

என் தீர்ப்பு இது. கைக்குள் வளரும், உடம்பு திடமான, வளர்ந்த நாய்க்கு, அன்றறுத்த கோழி கிடைக்கும் வீட்டில், சிறுபிள்ளைகள் இல்லாவிட்டால், பச்சை எலும்பு நல்லதுதான். ஃபாஸ்டர் நாய்க்குத் தேவையில்லை. நோயா இல்லையா என்று தெரியாத வயிறு அது. இன்னொரு காரணத்தை அக்கா சொன்னார், எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது. "நாளைக்கு அது போற வீட்ல என்ன சமைப்பாங்களோ அதைத் தின்னப் பழக்கு. கழுத்து தின்னு பழகினதை அய்யர் வீட்ல கொண்டுபோய் விட்டா ரெண்டு நாள் பட்டினி கிடக்கும், மூணாம் நாள் திரும்பி வரும்." அதனால் கிளம்பப்போகும் நாயின் கிண்ணத்தில் சோறு, முட்டை, வெந்த கோழி, பூசணி, சில நாள் தயிர் என்று மாறி மாறி வரும். தின்னும்போது பக்கத்தில் யாராவது நடந்தால் உறுமாமல் இருக்கவும் பழக்குவோம். கிண்ணத்தைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை. கடந்து போகும்போதெல்லாம் கிண்ணத்தில் ஒரு துண்டு கோழி கூடுதலாக விழும், அவ்வளவுதான். மனிதக் கால் நெருங்கினால் நல்லது நடக்கும் என்று நாயே முடிவுக்கு வந்துவிடும்.

2023-ம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயைச் சமூக விலங்கு என்கின்றன. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் தவிர்த்து, மற்றவற்றுக்கு அதையே சொன்னது. ஆனால் சாக்கில் கட்டி வீசப்பட்ட குட்டிக்கு 'பிடித்த இடம்' எது? அதற்கு வீடுதான் வேண்டும். அங்கேதான் எங்கள் வேலை முட்டிக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "கடுவன் இருக்கா?" பொட்டை என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள், கறுப்புப் பொட்டை என்றால் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். சாக்கில் வருவதில் பெரும்பங்கு பொட்டைதான்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கம் தோட்டமோ வாசலோ உள்ளவர்கள் இதைப் படித்தால், ஒரு பொட்டைக் குட்டி எடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, வளர்ந்ததும் கருத்தடை. வீட்டில் வடித்த சோறும் ஒரு முட்டையும் கொஞ்சம் வெந்த கோழியும் அதற்குத் தாராளம். பச்சைக்கறியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.